முதலில் காகிதம், பிறகு கேபிள், கடைசியில்தான் ரூட்டர்: சிறிய அலுவலகத்துக்கு நெட்வொர்க் அமைக்கும் வழி

இருபது முப்பது பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்துக்கு நெட்வொர்க் அமைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. இந்தத் துறைக்கு நீங்கள் புதியவர். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வரைபடம் இல்லை, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று சொல்ல ஆளும் இல்லை என்ற நிலையில் ஓர் அலுவலக நெட்வொர்க்கை ஏற்றுக்கொண்டு மாதக்கணக்கில் அல்லாடியவன் நான். ஏணி போட்டுப் பொய்க்கூரைக்குள் தலையை விட்டு, ஒவ்வொரு கேபிளாக இழுத்துப் பார்த்துத்தான் அது எனக்குப் பிடிபட்டது. அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம்.

புதியவர்கள் பெரும்பாலும் "எந்த ரூட்டர் வாங்குவது?" என்றுதான் தொடங்குகிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ரூட்டர் சரியில்லை என்றால் ஒரு மாலை நேரத்தில் மாற்றிவிடலாம். சுவருக்குள் போன கேபிளையும், எல்லாக் கருவிகளிலும் பதிந்துவிட்ட முகவரித் திட்டத்தையும் அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. மாற்றக் கடினமானது எதுவோ, அதை முதலில் முடிவு செய்யுங்கள். கீழே உள்ள வரிசை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

## 1. தளவரைபடத்தைக் கையில் எடுங்கள்

கட்டட உரிமையாளரிடம் அளவுகளுடன் கூடிய தளவரைபடம் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அளவு நாடா எடுத்து நீங்களே வரையுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, அளவு சரியாக இருக்க வேண்டும்.

அதில் மேசைகள், பிரின்டர்கள், கேமராக்கள், வைஃபை அக்சஸ் பாயின்டுகள் (வைஃபை அலை பரப்பும் பெட்டிகள்), கூட்ட அறைத் திரை, கதவுப் பூட்டுக் கருவி என ஒவ்வொன்றையும் குறியுங்கள். ஒரு மேசைக்கு இரண்டு கேபிள் முனைகள் என்று கணக்கிடுங்கள். ஒன்று போதும் என்று சிக்கனம் பார்த்த இடங்களில்தான் பின்னாளில் மேசைக்கு அடியில் மலிவான குட்டி ஸ்விட்சுகள் (ஒரு கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிகள்) முளைக்கின்றன. அவை தரும் தொல்லையை ஆறாம் படியில் சொல்கிறேன்.

அடுத்து ரேக் (ஸ்விட்ச், ரூட்டர் போன்றவற்றைப் பொருத்தும் அலமாரி) வைக்கும் இடம். காற்றோட்டம், பூட்டு, தனி மின்சுற்று ஆகிய மூன்றும் வேண்டும். தண்ணீர்க் குழாய் போகும் சுவரையும் கழிவறைக்கு நேர் கீழான இடத்தையும் தவிர்த்துவிடுங்கள். ரேக்கிலிருந்து மிகத் தொலைவில் உள்ள மேசைவரை கேபிள் போகும் பாதையை, மேலே ஏறி இறங்கும் உயரத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள். செம்புக் கேபிளில் ஈதர்நெட்டுக்கு மொத்த எல்லை 100 மீட்டர். அதில் 90 மீட்டர் சுவருக்குள் நிலையாகப் போகும் பகுதி. மிச்சம் 10 மீட்டர் இரு முனைகளிலும் செருகும் பேட்ச் கேபிள்களுக்கு. 90 மீட்டரைத் தாண்டினால் இரண்டாவது ரேக் தேவைப்படும். இது இப்போதே தெரிந்தால் செலவுக் கணக்கில் சேர்த்துவிடலாம்.

இந்த ஒரு தாளிலிருந்துதான் போர்ட் (கேபிள் செருகும் துளை) எண்ணிக்கை, கேபிள் நீளம், ஸ்விட்சின் அளவு எல்லாம் வரும். விலைப்பட்டியல் கேட்கும்போது எல்லா ஒப்பந்தக்காரர்களுக்கும் இதே வரைபடத்தைக் கொடுங்கள். ஆளுக்கு ஒரு கணக்கில் விலை சொன்னால் யாருடையது நியாயமான விலை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

## 2. இணைய இணைப்புக்கு உடனே விண்ணப்பியுங்கள்

மொத்த வேலையிலும் உங்கள் கைக்கு அடங்காத ஒரே காலக்கெடு இதுதான். கட்டடத்துக்குள் ஃபைபர் ஏற்கெனவே வந்திருந்தால் சில நாட்களில் முடியும். தெருவிலிருந்து புதிதாக இழுக்க வேண்டுமென்றால் வாரங்கள், சில இடங்களில் மாதங்கள்கூட ஆகும். ஆகவே கேபிள் வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஆவணங்கள் பெரும்பாலும் இவைதான்: நிறுவனப் பதிவுச் சான்று, முகவரிச் சான்று அல்லது வாடகை ஒப்பந்தம், கையெழுத்திடுபவருக்கு நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதம், கட்டட உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். இணைய நிறுவனத்தின் ஊழியர்கள் துளைபோடும் கருவியோடு வந்து நிற்கும்போது காவலாளி உள்ளே விடமாட்டார். அடுத்த முறை வரப் புதிய தேதி வாங்க வேண்டியிருக்கும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இவற்றைக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

- பதிவேற்ற வேகம் என்ன? விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பதிவிறக்க வேகம். காணொளிக் கூட்டங்களுக்கும் காப்புப்பிரதிக்கும் பதிவேற்றம்தான் முக்கியம்.
- நிலையான பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய, மாறாத இணைய முகவரி) கிடைக்குமா? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?
- பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்வார்கள்? செய்யாவிட்டால் கட்டணத்தில் கழிவு உண்டா?
- முதல் ஆண்டுக்குப் பிறகு கட்டணம் ஏறுமா? இடையில் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும்?
- அவர்கள் தரும் மோடத்தை பிரிட்ஜ் முறையில் (மோடம் இணைப்பைக் கடத்துவதோடு நின்றுகொள்ளும் முறை) வைத்து நம் ரூட்டரைப் பயன்படுத்தலாமா?

வேகக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன; கோப்பின் அளவை நாம் மெகாபைட்டில் பார்க்கிறோம். ஒரு பைட்டுக்கு எட்டு பிட்டுகள். 100 மெகாபிட் இணைப்பில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் வரும்.

இன்னொரு பொறி, பொது முகவரி. இணைப்பு வந்ததும் ரூட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். 10 என்று தொடங்கினாலும் உங்களுக்கெனத் தனிப் பொது முகவரி இல்லை. இந்த நிலையில் வெளியிலிருந்து அலுவலகத்துக்குள் நேரடியாக இணைய முடியாது. ரூட்டரில் போர்ட் திறந்துவிட்டு (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு வழிவிட்டு) எவ்வளவு நேரம் போராடினாலும் பலன் இருக்காது. நிலையான முகவரி கேட்டு வாங்குவதுதான் வழி.

## 3. முகவரித் திட்டத்தை அட்டவணையாக எழுதுங்கள்

உள் நெட்வொர்க்குக்கென்று ஒதுக்கப்பட்ட முகவரிகள் மூன்று தொகுதிகளாக இருக்கின்றன: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. இவற்றுக்குள் எதையும் யாரிடமும் கேட்காமல் பயன்படுத்தலாம்.

ஆனால் 192.168.0, 192.168.1 என்ற இரண்டையும் அலுவலகத்துக்கு எடுக்காதீர்கள். வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலானவை இந்த முகவரிகளோடுதான் வருகின்றன. நாளை ஊழியர் வீட்டிலிருந்து விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வசதி) வழியாக அலுவலகப் பிரின்டரைத் தேடும்போது, அவருடைய கணினி அதே முகவரியை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். பழுது எங்கே என்று கண்டுபிடிக்க நெடுநேரம் ஆகும். தவிர்க்க ஒரு நிமிடம் போதும். 10.37 என்பது போல எளிதில் மோதாத ஓர் எண்ணைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பிறகு நெட்வொர்க்கைப் பகுதிகளாகப் பிரியுங்கள். ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகளை உருவாக்கும் வசதிக்கு விலேன் என்று பெயர். ஊழியர்களுக்கு 10, தொலைபேசிகளுக்கு 20, விருந்தினர்களுக்கு 30, கேமராக்களுக்கு 40, ஸ்விட்ச், அக்சஸ் பாயின்டுகளை நிர்வகிக்க 99 என்று எண் கொடுங்கள். முகவரியின் மூன்றாம் இடத்திலும் அதே எண் வரட்டும். 10.37.40.12 என்று பார்த்ததும் அது கேமரா என்று தெரிந்துவிடும். பழுது பார்க்கும் அவசரத்தில் இந்த ஒழுங்கு கைகொடுக்கும்.

ஒவ்வொரு பகுதியிலும் பயன்படுத்தத்தக்க முகவரிகள் 254. கடைசி இடத்தில் ஒன்று என்ற எண் ரூட்டருக்கு. 2 முதல் 49 வரை ஸ்விட்ச், சர்வர் போன்ற நிலையான கருவிகளுக்கு. 50 முதல் 99 வரை பிரின்டர்களுக்கு. 100 முதல் 250 வரை டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வசதி) தானாகக் கொடுக்கட்டும். பிரின்டரின் முகவரியைப் பிரின்டரிலேயே போய்த் தட்டச்சு செய்யாமல், டிஎச்சிபியில் அதற்கென ஒதுக்கீடு செய்துவிடுங்கள். திட்டம் மாறினால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும்.

## 4. செலவுக் கணக்கு

கேபிள் வேலையில் பெருஞ்செலவு ஆள்கூலியும் சுவரைத் துளைத்து மூடுவதும்தான். ஒரு கேபிளை இழுக்கும்போது கூடவே இன்னொன்றையும் இழுப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். அதையே அடுத்த ஆண்டு தனியாகச் செய்தால் முழுக் கூலியும் மறுபடி கொடுக்க வேண்டும்.

பட்டியலில் பலரும் விட்டுவிடும் இனங்களைச் சொல்கிறேன்: ரேக்குக்கு யுபிஎஸ், பேட்ச் பேனல் (சுவர்க் கேபிள்கள் வந்து முடியும் பலகை), பேட்ச் கேபிள்கள், லேபிள் அச்சிடும் கருவி, கேபிள் சோதிக்கும் கருவி, முடிந்தால் மாற்றுக்கு ஒரு ஸ்விட்ச். இவற்றைக் கடைசி நேரத்தில் வாங்க ஓடினால் கிடைத்ததை வாங்க வேண்டிவரும்.

இணையவழி மேலாண்மையோடு வரும் கருவிகளுக்கு ஆண்டுச் சந்தா இருக்கிறதா என்று கேளுங்கள். சந்தா முடிந்தால் அமைப்புகளை மாற்ற மட்டும் முடியாதா, கருவியே நின்றுவிடுமா என்பதையும் கேளுங்கள். இரண்டாவது வகையும் சந்தையில் உண்டு. வாங்கும் விலையோடு ஐந்து ஆண்டுச் சந்தாவையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

ஸ்விட்சே கேபிள் வழியாக மின்சாரமும் கொடுக்கும் வசதி, பிஓஇ. இதில் ஒரு போர்ட்டுக்கு எவ்வளவு, மொத்தத்துக்கு எவ்வளவு என இரண்டு எண்கள் இருக்கின்றன. ஆரம்பத் தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும். அடுத்ததில் 30 வாட். 24 போர்ட்டும் 15.4 வாட் தர வேண்டுமானால் ஸ்விட்சுக்கு ஏறக்குறைய 370 வாட் வேண்டும். மலிவான ஸ்விட்சுகளில் மொத்த அளவு இதில் பாதிகூட இருக்காது. கேமராக்களும் அக்சஸ் பாயின்டுகளும் எத்தனை வாட் கேட்கின்றன என்று கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் கடைசியாகச் செருகிய கேமரா உயிர் பெறாது. குற்றம் கேமராவின் மேல் விழும்.

## 5. கேபிள்: இங்கே அவசரம் வேண்டாம்

கேட் 6 (Cat 6) வகைக் கேபிள் வாங்குங்கள். ஒரு கிகாபிட் வேகத்துக்கு 100 மீட்டர்வரை தாராளமாகப் போதும். 10 கிகாபிட் வேண்டுமானால் ஏறக்குறைய 55 மீட்டர்வரை தாங்கும். 100 மீட்டருக்கும் 10 கிகாபிட் தேவை என்றால் கேட் 6ஏ. இரண்டு கட்டடங்களுக்கு இடையே என்றால் செம்பே வேண்டாம், ஃபைபர் போடுங்கள். இடி மின்னலாலும், கட்டடங்களின் நிலத்தொடர்பு மின்னழுத்த வேறுபாட்டாலும் இரு பக்கக் கருவிகளும் பாழாகும் ஆபத்து ஃபைபரில் இல்லை.

சந்தையில் நடக்கும் பெரிய ஏமாற்று, செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள். வெளியே பார்க்க அசல் போலவே இருக்கும். விலை வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருந்தாலோ பெட்டி எடை குறைந்தாலோ சந்தேகப்படுங்கள். ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அது எளிதில் முறியும், பிஓஇ மின்சாரத்தில் அதிகம் சூடாகும். ஈதர்நெட் கேபிள் தரங்கள் அதை ஏற்பதில்லை. ஒப்பந்தத்திலேயே "முழுச் செம்பு" என்று எழுதி வாங்குங்கள்.

இழுக்கும்போது கவனிக்க வேண்டியவை: மின்கம்பியோடு ஒரே குழாயில் போகக்கூடாது, குறுக்கிட நேர்ந்தால் செங்கோணமாகக் கடக்கட்டும். வளைவின் ஆரம் கேபிள் தடிமனைப்போல் நான்கு மடங்குக்குக் குறையக்கூடாது. பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டாமல் ஒட்டிப் பிரிக்கக்கூடிய வெல்க்ரோ பட்டையால் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். கேபிளுக்குள் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகளாக இருக்கும்; முனையில் அந்த முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக்கூடாது.

முனை கட்டும் வண்ண வரிசை இரண்டு உண்டு. எதுவானாலும் கட்டடம் முழுக்க ஒன்றே இருக்கட்டும். அவற்றில் ஒன்றான டி568பி வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு.

முனை சரியில்லாவிட்டால் என்ன ஆகும்? நான் ஏற்றுக்கொண்ட அலுவலகத்தில் ஒரு மேசைக்கு மட்டும் இணையம் மந்தம். வேகச் சோதனையில் எப்போது பார்த்தாலும் 94 மெகாபிட். பக்கத்து மேசையில் 900க்கு மேல். கணினியை மாற்றியிருந்தார்கள், ஸ்விட்ச் போர்ட்டை மாற்றியிருந்தார்கள், பலன் இல்லை. சுவர் முனையின் மூடியைக் கழற்றி விளக்கடியில் பார்த்தபோது, பழுப்பு நிறக் கம்பி அதன் பள்ளத்தில் முழுதாக இறங்காமல் ஒரு நூல் அளவு தூக்கிக்கொண்டிருந்தது. 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். 100 மெகாபிட்டுக்குத் தேவைப்படாத இரண்டில் ஓர் இணை விட்டுப்போனாலும் கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். ஆகவே 94, 95 என்ற எண்ணைப் பார்த்தால் இணைய நிறுவனத்தை அழைக்கும் முன் கேபிள் முனையைத் திறந்து பாருங்கள்.

ஒவ்வொரு கேபிளையும் இரு முனையிலும் லேபிள் ஒட்டி, சோதித்து, முடிவை எழுதி வாங்கிய பிறகே பொய்க்கூரையை மூட விடுங்கள். உள் அலங்கார வேலைக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். அசையாதீர்கள்.

## 6. ரேக்கும் ஸ்விட்சும்

சுவரிலிருந்து வரும் கேபிள்கள் பேட்ச் பேனலில் முடியட்டும். அங்கிருந்து குட்டிக் கேபிள் வழியாக ஸ்விட்சுக்குப் போகட்டும். நேராக ஸ்விட்சில் செருகினால் நாளடைவில் கெட்டியான சுவர்க் கேபிள் முனையில் உடையும்.

ஸ்விட்சில் முதலில் ஃபர்ம்வேரை (கருவிக்குள் இயங்கும் மென்பொருளை) புதுப்பியுங்கள், ஆலையிலிருந்தே வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள், பிறகு விலேன்களை அமையுங்கள். ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் வட்டமாக இணைந்துவிட்டால் கண்டு தடுக்கும் வசதி) இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேசைக்கு அடியில் முளைக்கும் குட்டி ஸ்விட்ச் பற்றிச் சொன்னேன் அல்லவா? யாரோ ஒருவர் சும்மா தொங்கும் கேபிள் முனையைப் பார்த்து, நல்லெண்ணத்தோடு அதே ஸ்விட்சில் செருகிவிடுவார். ஒரு கேபிளின் இரு முனையும் ஒரே ஸ்விட்சில் இருந்தால் செய்திகள் வட்டமடித்துப் பெருகி, சில நொடிகளில் அலுவலகம் முழுக்க நெட்வொர்க் முடங்கும். ஸ்விட்சின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக வெறிபிடித்ததுபோல் மின்னினால் இதுதான் காரணமாக இருக்கும். ஸ்பானிங் ட்ரீயோடு லூப் பாதுகாப்பு வசதியும் இருந்தால் அதையும் இயக்கிவையுங்கள்.

## 7. ரூட்டர்

இப்போது ரூட்டர். விலேன்களைக் கையாளக்கூடியதா, உங்கள் இணைய வேகத்தைப் பாதுகாப்பு வசதிகள் இயங்கும்போதும் தாங்குமா என்று பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட வேகம் அந்த வசதிகள் அணைந்திருக்கும்போது அளந்ததாக இருக்கலாம்.

நிறுவனம் தந்த மோடமும் உங்கள் ரூட்டரும் இரண்டுமே உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் வேலையைச் செய்தால் தொலைபேசி, விபிஎன் போன்றவை தடுமாறும். மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். பிபிபிஓஇ இணைப்பு (பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் வகை) என்றால் எம்டியு அளவை (ஒரு முறையில் அனுப்பும் தரவுத் துண்டின் உச்ச அளவை) 1492 என்று வையுங்கள். சில தளங்கள் மட்டும் பாதி திறந்து நிற்கும் விசித்திரம் அதில் தீரக்கூடும். வெளியிலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். விருந்தினர், கேமரா பகுதிகளிலிருந்து ஊழியர் பகுதிக்குப் போகும் வழியை அடைத்துவிடுங்கள்.

## 8. வைஃபை

அக்சஸ் பாயின்ட் ஒவ்வொன்றுக்கும் கேபிள் போகட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்ற அலைவரிசைகளை மட்டும் பயன்படுத்துங்கள். மற்றவை ஒன்றோடொன்று மோதும். ஊழியர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ். சக்தியை உச்சத்தில் வைக்காதீர்கள். கைபேசியால் அவ்வளவு தூரம் பதில் சொல்ல முடியாது. பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3.

## 9. சோதிக்கும் வரிசை

ஒவ்வொரு மேசையிலும் இதே வரிசையில் போங்கள். போர்ட் விளக்கு எரிகிறதா? கணினிக்கு முகவரி வந்ததா? 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபி எட்டவில்லை. உங்கள் திட்டத்தில் இல்லாத முகவரி வந்தால் யாரோ வீட்டு ரூட்டரைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார்கள். அடுத்து ரூட்டருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை). பிறகு கூகுளின் பொதுச் சர்வரான 8.8.8.8க்குப் பிங். கடைசியாக ஒரு தளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வரவில்லை என்றால் கோளாறு, தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில்.

ஒருமுறை மின்சாரத்தை முழுதாக அணைத்துப் போடுங்கள். எல்லாம் தானாக எழுந்து வர வேண்டும். ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை இதற்குப் பிறகுதான்.

## 10. மாற்றும் நாளும் ஒப்படைக்க வேண்டிய தாள்களும்

பழைய நெட்வொர்க்கிலிருந்து மாறுவதானால் வார இறுதிக்கு முந்தைய மாலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். டிஎச்சிபி லீஸ் காலம் (ஒரு கருவிக்குக் கொடுத்த முகவரி செல்லுபடியாகும் நேரம்) 24 மணி நேரம் என்றிருந்தால், கருவிகள் அதன் பாதியில்தான் புதுப்பிக்கக் கேட்கும். ஆகவே ஒரு நாளைக்கு முன்பே அதை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள். மாற்றியதும் கருவிகள் விரைவில் புது முகவரிக்கு வந்துவிடும். பழைய கருவிகளை ஒரு வாரமாவது கழற்றாமல் வைத்திருங்கள்.

வேலை முடிந்ததும் கையில் இருக்க வேண்டியவை: கேபிள் எண்கள் குறித்த தளவரைபடம், பேனல் போர்ட் எதற்கு எது என்ற அட்டவணை, முகவரித் திட்டம், கேபிள் சோதனை முடிவுகள், கருவிகளின் அமைப்புக் காப்புப்பிரதி, விலைச்சீட்டுகளும் உத்தரவாதத் தேதிகளும், இணைய ஒப்பந்தமும் வாடிக்கையாளர் எண்ணும். மேலாண்மைக் கணக்குகள் எல்லாம் நிறுவனத்தின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தால், அவர் போன பிறகு உங்கள் கருவிகளுக்குள் நீங்களே நுழைய முடியாது.

இவற்றை அலுவலகச் சர்வரில் மட்டும் வைக்காதீர்கள். நெட்வொர்க் படுத்துக்கிடக்கும் நேரத்தில்தான் அவை தேவைப்படும், அப்போது சர்வரைத் திறக்க முடியாது. வரைபடத்தையும் போர்ட் அட்டவணையையும் அச்சிட்டு, கடைசியாகத் திருத்திய தேதியைக் கீழே எழுதி, ரேக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். கடவுச்சொற்களை மட்டும் அந்தத் தாளில் எழுதாமல், உறையிலிட்டு நிறுவனத்தின் பெட்டகத்தில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.